சுழலி இல்லாத பெண்

தேன் வாங்கி விற்கிறவனுக்குச் சந்தேகம்தான் முதல். மார்த்தாண்டத்தில் என் கடைக்குத் தேன் கொண்டுவருகிறவர்களை நான் நம்புவதில்லை. என்னிடம் வாங்குகிறவர்களும் என்னை நம்புவதில்லை. தீக்குச்சியைத் தேனில் முக்கி உரசிப் பார்ப்பார்கள், தண்ணீரில் சொட்டு விட்டுப் பார்ப்பார்கள், எல்லாம் முடிந்தபிறகு "பாகு கலக்கலியே ஸ்டெனி?" என்று என் முகத்தைப் பார்ப்பார்கள். எனக்கு அதில் வருத்தம் கிடையாது. நானும் மனிதர்களை அப்படித்தான் பார்க்கிறேன்.

இத்தனை வருடத்தில் சோதிக்காமல் தேன் வாங்கியது ஒரே ஒருத்தியிடம்தான். அவள் ஷிஜி, என் சித்தப்பா மகன் ஜாஸ்பரின் மனைவி. அவள் பெரிய யோக்கியக்காரி என்று நான் அப்படி வாங்கவில்லை. பாகு கலக்க வேண்டுமானால் சர்க்கரையை அடுப்பில் ஏற்றி, கிண்டி, பதம் பார்த்து இறக்க வேண்டும். அதற்குள் அவள் அடுப்பை மறந்து வேறெங்காவது போயிருப்பாள். கலப்படம் செய்யவும் கொஞ்சம் கவனம் வேண்டும் இல்லையா?

ஜாஸ்பர் மஸ்கட்டில் ஏ.சி. மெக்கானிக். வீட்டில் ஷிஜி, மகள் லிஜா, ஜாஸ்பரின் அம்மா நேசபாய். எங்கள் வீட்டுக்கும் அவர்கள் வீட்டுக்கும் நடுவில் ஒரு மதில்தான். தேனீ விஷயத்தில் ஷிஜிக்கு நல்ல கை. பெட்டியைத் திறந்தால் தேனீக்கள் சீறாது. ரப்பர் மரங்கள் புதுக்கொழுந்து விடும் மாதங்களில் குலசேகரம், அருமனைப் பக்கம் ஆட்களிடம் கேட்டு அவர்கள் தோட்டத்தில் பெட்டிகளை வைப்பாள். வைக்கிறவரை எல்லாம் சரியாக இருக்கும். பிறகு எந்தத் தோட்டத்தில் வைத்தோம் என்பது மறந்துபோகும். ஒருமுறை மழை தொடங்கியபிறகு ரப்பர் பால்வெட்டுக்காரர் ஒருவர் போன் செய்து, "பெட்டி வேண்டாமா அக்கா, எறும்பு கேறி ஈயெல்லாம் போச்சு" என்றார். அப்போதுதான் அப்படியொரு தோட்டம் இருப்பதே அவளுக்கு நினைவு வந்தது. அன்றைக்கு அவள் அழுததை மதிலுக்கு இப்பால் நான் கேட்டேன்.

பெட்டி தொலைந்தால் நஷ்டத்தோடு போயிற்று. ஆள் நேரத்துக்கு வீடு வராவிட்டால் கதை வேறு. காலையில் அருமனைக்குப் போகிறேன் என்று கிளம்புகிறவள் பொழுது சாய மார்த்தாண்டத்திலிருந்து வருவாள். போன் பையின் அடியில் கிடக்கும். ஏன் தாமதம் என்று கேட்டால் முழுதாகப் பதில் சொல்லத் தெரியாது. பாலில் தண்ணீர், பாஸ்டரின் பிரசங்கத்தில் உள்குத்து என்று எதையும் சந்தேகப்படும் நேசபாய் சித்தி, கணவன் வெளிநாட்டில் இருக்கும் மருமகளை விட்டுவைப்பாளா? மஸ்கட்டுக்குச் செய்தி போனது. ஜாஸ்பர் வீடியோவில் கூப்பிட்டு, "கேமராவத் திருப்பு, பக்கத்துல ஆராக்கும்?" என்று கேட்கத் தொடங்கினான். பிறகு எனக்குப் போன் செய்தான்.

"அண்ணே, ஒண்ணும் தப்பா நெனைக்காண்டாம். அவ எங்க போறான்னு நீங்க ஒருநாள் பாக்கணும்."

பார்த்தேன். தேன் டின் ஏற்றும் ஆம்னி வேனில் அவள் ஏறிய பஸ்ஸின் பின்னாலேயே போனேன். அருமனைக்கு முந்தின நிறுத்தத்திலேயே இறங்கினாள். பலாப்பழம் தூக்க முடியாமல் நின்ற ஒரு கிழவிக்கு உதவினாள். பாலத்தின் அடியில் தொங்கிய தேனீக்கூட்டத்தைக் குனிந்து பார்த்து வெகுநேரம் நின்றாள். ஒரு கடைக்குள் போனாள், வெளியே வந்தாள், எதையோ மறந்து மறுபடி போனாள், கடைசியில் வாங்கப்போனதை விட்டுவிட்டு வந்தாள். கள்ளக்காதலனை வைத்துச் சமாளிக்க இவளால் ஆகாது என்று எனக்கு அங்கேயே தெரிந்துவிட்டது. ஆனால் அடுத்து அவள் நாகர்கோவில் பஸ்ஸில் ஏறினாள். விடக்கூடாது என்று நானும் போனேன். அவள் நுழைந்த கட்டிடத்தின் பலகையில் மனநல மருத்துவர் என்று எழுதியிருந்தது. யாராவது ஒருவனுடைய வீடாக இருந்திருந்தால்கூட நான் அவ்வளவு திகைத்திருக்க மாட்டேன்.

வேனில் இருந்த என்னை அவள் பார்த்துவிட்டாள். நேராக வந்து கண்ணாடியைத் தட்டினாள்.

"என்னத் தொடர்ந்தாக்கும் வந்தியளா அண்ணே?"

"நாரோயில்ல ஒரு ஆள்ட்ட தேன் காசு..."

"பொய் சொல்லாண்டாம். வந்தது வந்தாச்சு, உள்ள வாருங்க. என்ன நல்லா அறிஞ்ச ஒரு ஆள கூட்டிட்டு வரணும்னு டாக்டர் சொன்னாவ. உங்களவிட என்ன நல்லாப் பாத்தவன் ஆரு?"

அதில் இருந்த குத்தல் எனக்குப் புரிந்தது. இறங்கிப் போனேன்.

டாக்டர் ஒரு பெண்மணி. என்னிடம் நிறையக் கேட்டார். நான் காலையிலிருந்து பார்த்ததையே சொன்னேன். கவனம் ஒரு இடத்தில் நிற்காத இந்தக் குறை சின்னப் பிள்ளைகளுக்கு மட்டும் வருவதில்லை, வளர்ந்தபிறகும் தொடரும், பெண்களுக்கு இருந்தால் 'பொறுப்பில்லாதவள்' என்று பெயர் வைத்து விட்டுவிடுவார்கள் என்றார். மறதிக்கும் ஒரு நோய்ப்பெயரா, அப்படியானால் எங்கள் தெருவில் பாதிப் பேரை இங்கே கொண்டுவர வேண்டுமே என்று எனக்கு உள்ளுக்குள் இளக்காரம். ஆனால் ஷிஜி முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவளைத் திட்டாமல் ஒருவர் அவளைப் பற்றிப் பேசியது அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

மாத்திரை இருக்கிறது, கொடுப்பதற்கு முன்னால் சில கேள்விகள் என்றார் டாக்டர். நெஞ்சுத் தீனம், இதய நோய் ஏதும் உண்டா? இல்லை. வீட்டில் யாராவது சின்ன வயதில் திடீரென்று இறந்திருக்கிறார்களா? இல்லை.

"மயங்கி விழுறது, சுழலி..."

"இல்ல," என்றாள் ஷிஜி.

காக்காய் வலிப்பைத்தான் எங்கள் பக்கம் சுழலி என்போம். கேள்வி முடியவில்லை, அதற்குள் பதில் வந்துவிட்டது. "பாகு..." என்று நான் வாயெடுக்கும்போதே "கலக்கல" என்று சொல்கிறவர்களை எனக்குத் தெரியும். டாக்டருக்கும் தெரிந்திருக்க வேண்டும். பேனாவை மூடிவைத்து, "எதுக்கும் ஒரு இ.சி.ஜி. பார்த்துடலாம்" என்றார்.

அந்தத் தாளை அவர் நெடுநேரம் பார்த்தார். ஒவ்வொரு துடிப்புக்குப் பிறகும் இதயம் அடுத்த துடிப்புக்குத் தயாராக எடுக்கும் நேரம் ஷிஜிக்கு இருக்க வேண்டியதைவிட நீளம். பிறவியிலேயே குடும்ப வழியாக வருவது அது. சில வேளை துடிப்பு தாறுமாறாகி ஆள் விழலாம், விழுந்தவர் எழாமலும் போகலாம். "கவனத்துக்கான மாத்திரை இதயத்தைத் தூண்டக்கூடியது. இந்தத் தாளை வச்சுக்கிட்டு நான் அதை எழுத முடியாது" என்று சொல்லி, திருவனந்தபுரத்தில் துடிப்புக் கோளாறு பார்க்கும் டாக்டரிடம் போகச் சொன்னார்.

திரும்பும்போது வேனில் ஷிஜி பொரிந்தாள். "மாத்திரை உண்டும்னு சொல்லுகாவ, பெறவு தரமாட்டோம்னு சொல்லுகாவ. இதுல ஏதோ கள்ளக்களி இருக்கு அண்ணே."

"அது இருக்கட்டும். சுழலின்னதும் ஏன் துள்ளின?"

தக்கலை வரும்வரை பையின் வாரைத் திருகிக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது தலைக்கு நேர் மேலே மணி அடித்த ஒருநாள் விழுந்திருக்கிறாள். கையும் காலும் வெட்டி இழுத்ததாம். அம்மா லில்லிபாய் அந்த வாரமே பள்ளிக்கூடத்தை மாற்றினாள். யார் கேட்டாலும் இல்லையென்று சொல்ல வேண்டும் என்று பழக்கினாள். எங்கள் பக்கத்தில் விழுந்து கைகால் வெட்டினால் அது சுழலிதான், வேறு யோசனையே கிடையாது. பெண் பார்க்க வருகிறவர்கள் முதலில் விசாரிப்பதும் அதைத்தான். நேசபாய் சித்தியும் கேட்டாள். லில்லிபாய் வேதபுத்தகத்தில் கைவைத்து, "எனக்க பிள்ளைக்குச் சுழலி இல்ல" என்று சொன்னதை நானே பக்கத்தில் இருந்து கேட்டிருக்கிறேன்.

வேனை நேராக லில்லிபாய் வீட்டுக்கு விட்டேன். அவள் என்னைக் கண்டதும் மாப்பிள்ளை வீட்டு ஆள் என்று உஷாரானாள். மகளுக்கு ஒன்றும் கிடையாது, யாரோ வேண்டாதவர்கள் சொல்லுகிறார்கள் என்றாள். ஷிஜி இ.சி.ஜி. தாளை அவள் மடியில் போட்டாள்.

"அம்மா, நான் செத்தா உனக்க பொய் மட்டும் இருந்து என்ன செய்ய? ஜான்ரோஸ் மாமன் எப்படி செத்தாவ?"

லில்லிபாய் தாளைத் தொடவில்லை. சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

"கோயில் பெருநாளுக்குக் கதினா வெடிச்சாவ. இரும்புக் குத்துப்போணில வெடிமருந்த இடிச்சு வைக்கிறது, பயங்கரச் சத்தம். வெடிச்சதும் எனக்க தம்பி கீழ விழுந்து வெட்டினான். சுழலின்னு சொல்லி எல்லாரும் இரும்புச் சாவியக் கையில வச்சுக் குடுத்தாவ. நானாக்கும் விரல மடக்கிப் பிடிச்சது." புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். "சாவியப் பிடிச்சிட்டே செத்தான் மக்கா."

திருவனந்தபுரத்து டாக்டரிடம் நான் இதை அப்படியே சொன்னேன். அவர் மலையாளி, தமிழ் தெரியும். "அது சுழலி இல்ல, ஹார்ட்டாக்கும்" என்றார். தூங்கும்போதோ சும்மா இருக்கும்போதோ திடீரென்று சத்தம் கேட்டால் துடிப்பு குலையும் வகை இது என்றார். லிஜாவுக்கும் இ.சி.ஜி. எடுத்தார். இப்போதைக்கு ஒன்றும் தெரியவில்லை, ஆனால் விடாமல் பார்த்துவர வேண்டும். ஷிஜிக்குத் துடிப்பை அடக்கி வைக்கும் மாத்திரை எழுதினார். தேனீ கொட்டி எப்போதாவது முகம் வீங்கியதா, மூச்சு முட்டியதா என்று துருவிக் கேட்டபிறகுதான் எழுதினார். கொட்டு ஒத்துக்கொள்ளாத ஆளுக்கு இந்த மாத்திரை ஆபத்தாம். கடைசியாக, இந்த மாத்திரையை ஒருநாளும் தவறவிடக் கூடாது, விட்டால் ஆபத்து என்றார்.

மறக்காமல் ஒன்றைச் செய்யச் சொல்லி ஷிஜியிடம் சொல்லுகிறார்! போனில் அலாரம் வைக்கலாமா என்று கேட்டேன். கூடவே கூடாது, படுக்கும் அறையில் அலாரமும் போன் மணியும் வேண்டாம் என்றார். சத்தம் இல்லாமல் அதிரும்படி வைத்தோம். அதற்குப் போன் அவள் கையில் இருக்க வேண்டுமே. கிழமை எழுதிய மாத்திரை டப்பா ஒன்று வாங்கிக் கொடுத்தேன். அது ஒரு தேனீப் பெட்டிக்குள் அடைகளுக்கு நடுவில் கிடைத்தது. பெட்டியைத் திறக்கும்போது கையில் இருந்ததை உள்ளே வைத்து மூடியிருக்கிறாள். மாத்திரை போட்டாயா என்று கேட்டால் "போட்டேன்னுதான் தோணுது" என்பாள்.

நேசபாயிடம் இதெல்லாம் மூச்சுவிடவில்லை. வாயுக் கோளாறுக்கு மாத்திரை என்று சொல்லி வைத்திருந்தோம். சித்தி அதை நம்பவில்லை. மருமகள் மதில் பக்கம் வந்து என்னிடம் மெதுவாகப் பேசுவதைப் பார்த்து, சித்தியின் சந்தேகம் இப்போது என் பக்கமும் திரும்பியிருந்தது.

தேன் எடுக்கும் நாட்களில், வேலை தலைக்குமேல் இருந்த ஒரு முற்பகலில், அந்த வீட்டிலிருந்து கூப்பாடு கேட்டது. ஓடினேன். அடுப்பில் குக்கர் விசில் அடித்து ஓய்ந்திருந்தது. ஷிஜி அடுக்களைத் தரையில் கிடந்தாள். கை வெட்டி இழுத்துக்கொண்டிருந்தது. நேசபாய் பீரோச் சாவிக் கொத்தை அவள் உள்ளங்கையில் வைத்து அழுத்திப் பிடித்திருந்தாள்.

எனக்கு ஜான்ரோஸின் நினைவு வந்தது. அப்படியொரு பயத்தை நான் என் வாழ்நாளில் பட்டதில்லை. ஷிஜியைத் தூக்கப் போவதற்குள் அவளே கண் விழித்தாள். துடிப்பு தானாகச் சரியாகியிருக்கிறது. எங்கள் அதிர்ஷ்டம்.

"சுழலி," என்றாள் நேசபாய். "எனக்கு அப்பமே சந்தேகம் உண்டும். ஒளிச்சு வச்சு எனக்க மவன் தலையில கெட்டித் தந்தாவ."

ஷிஜி சாவிக் கொத்தோடு எழுந்து உட்கார்ந்தாள். "இது சுழலி இல்ல மாமி, நெஞ்சுத் தீனமாக்கும். ஆனா எங்க அம்மா உங்ககிட்ட சொன்னது பொய்தான். நான் விழுவேன்னு அவியளுக்குத் தெரியும். எனக்கும் தெரியும்."

"வேதபுத்தகத்துல கைவச்சுல்லா சொன்னா?"

"ஓம் மாமி."

முதலில் அருகிலிருந்த ஆஸ்பத்திரி, அங்கே பார்த்து அனுப்பியபிறகு திருவனந்தபுரம். வேனில் முழு வழியும் நேசபாய் வாய் திறக்காமல் வந்தாள். திட்டியிருந்தால்கூட எங்களுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். களியக்காவிளை தாண்டும்போது, தன்னை அம்மா வீட்டோடு கொண்டுபோய் விட்டுவிடச் சொல்வாளோ என்று ஷிஜி என்னைக் கண்ணாடியில் பார்த்தாள். எனக்கும் அந்தப் பயம் இருந்தது.

டாக்டர் முதலில் கேட்டது, மாத்திரை ஒழுங்காகப் போட்டீர்களா என்பதைத்தான்.

"போட்டேன்னுதான்..." என்று ஷிஜி தொடங்கினாள்.

"போடல," என்றாள் நேசபாய். "நேத்தும் போடல, அதுக்கு முந்தின நாளும் போடல. மாத்திரை எடுக்கணும்னு உள்ள போனா, அங்கேருந்து பழைய துணியத் தூக்கிட்டு வந்தா. ஞாயித்துக்கிழம கையில எடுத்தா, அப்பம் லிஜா கொச்சு கூப்பிட்டுது, ஜன்னல்ல வச்சிட்டுப் போனா. மாத்திரை இப்பளும் அங்கதான் இருக்கு."

சித்தி எதற்காக அவளை அப்படிக் கவனித்துவந்தாள் என்பது எனக்குத் தெரியும். ஷிஜிக்கும் தெரியும். நாங்கள் இருவரும் தரையைப் பார்த்தோம்.

டாக்டர் எங்கள் முன்னாலேயே நாகர்கோவில் டாக்டருக்குப் போன் போட்டார். இருவரும் வெகுநேரம் பேசினார்கள். மறதியை விட்டுவைத்தால் இதய மாத்திரை தவறும். மறதிக்கு மாத்திரை கொடுத்தால் இதயம் அதைத் தாங்குமா என்ற கேள்வி. பேசி முடித்து எங்களிடம் சொன்னார். முதலில் துடிப்பு மாத்திரை ஒருநாள்கூடத் தவறாமல் சில வாரம் போக வேண்டும். மறுபடி இ.சி.ஜி. எடுத்து, சரியாக இருந்தால் கவன மாத்திரையை மிகக் குறைந்த அளவில் தொடங்கலாம். கூட்டும்போதெல்லாம் இ.சி.ஜி. எடுக்க வேண்டும். விழுந்தாலோ தலை சுற்றினாலோ உடனே நிறுத்த வேண்டும்.

"அது என்னக் கொல்லாதுன்னு சொல்லுவியளா டாக்டர்?" என்று கேட்டாள் ஷிஜி.

"சொல்ல மாட்டேன். உங்களப் போல உள்ளவங்க இதய மாத்திரையோட சேர்த்து இதையும் எடுத்ததுல பெரிய கேடு ஒண்ணும் காணல. ஆனா அப்படிக் கவனிச்சுப் பார்த்த ஆட்களே கொஞ்சம்தான். உறுதி தர முடியாது. இதய மாத்திரைய மறந்தா என்னாகும்னு நீங்க இன்னைக்கே பார்த்தீங்க."

சுத்தத் தேன் என்று சத்தியம் செய்கிறவனிடம் நான் வாங்க மாட்டேன். இந்த ஆள் சத்தியம் செய்யவில்லை. அதனாலேயே அவர்மேல் எனக்குக் கொஞ்சம் பிடிப்பு வந்தது.

"வீட்டில் தினமும் பார்த்துக் கொடுக்க ஆள் வேணும். பொறுப்பா ஒருத்தர். அது இல்லாம நான் எதையும் தொடங்க மாட்டேன். ஆரு உண்டு?"

ஷிஜி என்னைப் பார்த்தாள். தேன் வாங்க நான் ஊர் ஊராகப் போகிறவன். வாய் திறந்து அப்படிச் சொல்லப் போனேன்.

"நான் உண்டு," என்றாள் நேசபாய்.

ஜாஸ்பருக்கு ஷிஜியே சொன்னாள். அவன் போனை வைத்துவிட்டான். மறுநாள் அம்மாவுக்குக் கூப்பிட்டு, என்ன செய்யலாம், லில்லிபாயிடம் யாரை அனுப்பிக் கேட்கலாம் என்றெல்லாம் பேசினான். "கேட்கவேண்டியத நான் கேட்டுக்கிடுவேன். நீ ஏ.சி.யப் பாரு" என்று சித்தி போனை வைத்தாள். லில்லிபாயை அவள் இன்றுவரை மன்னிக்கவில்லை. கோயிலில் அடுத்த பெஞ்சில் இருந்தாலும் திரும்பிப் பார்ப்பதில்லை.

சில வாரம் கழித்து இ.சி.ஜி. பரவாயில்லை என்று சொல்லிக் கவன மாத்திரையை எழுதினார்கள். அதை எல்லாக் கடையிலும் தர மாட்டார்கள். கிடைத்த கடைக்காரர் சீட்டை முன்னும் பின்னும் திருப்பி, ஷிஜியின் கண்ணை உற்றுப் பார்த்து, போதை ஆளோ என்று யோசித்துத்தான் எடுத்துத் தந்தார். முதல் நாட்களில் ஷிஜி கழுத்து நரம்பில் விரலை வைத்துக்கொண்டே வளையவந்தாள். படபடப்பு வந்தால் மாத்திரையா பயமா என்று தெரியாமல் திண்டாடுவாள். நெஞ்சு அமைதியாக இருந்தால் அது நின்றுபோகிறதோ என்று பயப்படுவாள். நானும் மதிலுக்கு மேலே அடிக்கடி எட்டிப் பார்த்தேன், பொய் சொல்வானேன்.

பிறகு ஒருநாள் தேன் டின்னோடு கடைக்கு வந்தாள். முகம் ஒரு மாதிரி இருந்தது.

"அண்ணே, இன்னைக்கு ஒரு பெட்டியத் திறந்தேன், அடை பாத்தேன், மூடினேன். நடுவுல வேற எங்கயும் போகல." சொல்லும்போதே கண் நிறைந்துவிட்டது. "எல்லாரும் இப்படித்தான் இருப்பாவளா? எப்பளுமா?"

டின்னை வாங்கி வைத்து அவளை உட்காரச் சொன்னேன். ஆனாலும் தொழில் தொழில்தான். இனி இவளால் பாகு காய்ச்ச முடியும் என்று அன்றைக்கே ஒரு தீக்குச்சியை எடுத்து அவள் தேனில் முக்கி உரசினேன். பற்றிக்கொண்டது. அவள் சிரித்தாள்.

ஆபத்து ஒழிந்துவிட்டது என்று யாரும் எங்களிடம் சொல்லவில்லை. மூன்று மாதத்துக்கொரு தடவை திருவனந்தபுரம் போகிறோம், தாளைப் பார்த்து டாக்டர் தலையசைக்கும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு இருக்கிறோம்.

போன வாரம் காலையில் டின் வாங்க அவர்கள் வீட்டுக்குப் போனேன். நேசபாய் மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு மருமகள் முன்னால் நின்றிருந்தாள். ஷிஜி வாங்கி வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தாள்.

"வாயத் திற," என்றாள் நேசபாய்.

திறந்தாள்.

"நாக்கத் தூக்கு."

என் முன்னால் அப்படிச் சொன்னது ஷிஜிக்குச் சுருக்கென்றிருக்க வேண்டும். முகம் சிவந்துவிட்டது.

"இத்தன நாளும் ஒண்ணுகூட விடலியே மாமி. இன்னும் என்ன நம்ப மாட்டியளா?"

"உன்ன நம்பினா நீ செத்துப்போவ மக்கா," என்றாள் நேசபாய். "நாக்கத் தூக்கு."

ஷிஜி நாக்கைத் தூக்கிக் காட்டினாள்.